சேமிக்காத சாட்சி

அத்தியாயம் 6

கதவிலிருந்த அரக்கு முத்திரையைச் சப்-இன்ஸ்பெக்டர் உடைத்தார். கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது நாற்றம்.

வந்தது என்றால் ஆள் மாதிரி வந்தது. தோளில் கை போட்டது. மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

"அத்தை, உங்க பொண்ணு சமையலைக் குறை சொன்னதுக்கெல்லாம் இப்பவே மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றான் மாப்பிள்ளை, கைக்குட்டைக்குள்ளிருந்து.

"எங்கிட்டக் கேட்டு என்ன பிரயோஜனம்? வீட்டுக்குப் போய் அவகிட்டக் கேளுங்க. இப்ப உள்ள வாங்க மாப்பிள்ளை."

அத்தை காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையிலேயே தலை நரைத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகப்படும் பழக்கம் ஓய்வு பெறவில்லை. தனியாகத் துப்பறிய ஆரம்பித்தாள். வேலை போய் வீட்டிலிருந்த மாப்பிள்ளையை உதவிக்கு வைத்துக்கொண்டாள். மரியாதையையும் திட்டையும் ஒரே வாக்கியத்தில் வாங்கிக்கொள்ளும் உதவியாளன் அவன் ஒருவன்தான்.

இந்த வழக்கில் அத்தைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாணவியர் விடுதி ஒன்றில் சாப்பிட்டு எழுந்த பெண்கள் வரிசையாக வாந்தியெடுத்து விழுந்தார்கள். ஒருத்தி இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். அழுக்குக் கையோடு சமைத்தான் என்று சமையல்காரனை லாக்கப்பில் போட்டிருக்கிறார்கள். கறி சப்ளை செய்த இந்தக் குளிர்கிடங்கோ, 'எங்கள் கேட்டைத் தாண்டும்போது அது நல்ல கறி' என்று சாதிக்கிறது. இங்கேயே கெட்டிருந்தது என்று நிரூபித்தால் சமையல்காரன் வெளியே வருவான். அவனுடைய அக்கா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது அதற்காகத்தான்.

அப்படி அடித்துச் சொல்ல ஒரே ஒருத்தி இருந்தாள். கிடங்கின் தரப் பரிசோதகி. வருகிற ஒவ்வொரு லாட் கறியையும் பார்த்து, மோந்து, கணினியில் பாஸா ரிஜெக்டா என்று அடிப்பது அவள் வேலை.

"நான் ரிஜெக்ட் அடிச்சேன் மேடம். என் குழந்தை மேல சத்தியம்" என்று இப்போதும் சொன்னாள், வாசலில் நின்றபடி. கண்களில் நீர் கட்டியிருந்தது. "மேனேஜர்தான் அழிச்சிருக்கார். ஆபீஸ்ல இருக்கற சர்வரைப் பாருங்க. இந்த ரூம்ல அழுகினதைத் தவிர என்ன இருக்கு? கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு, கழுவ விட்டாலாவது புண்ணியம்."

"வந்தாத்தானேய்யா அழிக்க!" என்று பின்னாலிருந்து சீறினார் மேனேஜர். பல்லிடுக்கில் ஒரு குச்சி. அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயிலேயே வைத்துக்கொண்டார். "எனக்கு எந்த ரிஜெக்டும் வரல சார். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வயிறே சரியில்ல. ஒரு கறியைத் தாங்காது. அதுக்கு நாங்க என்ன பண்றது?"

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே வயிறு எட்டிப் பார்த்தது. அது எதையும் தாங்கும் வயிறு.

"எனக்குக் குமட்டுது" என்று பரிசோதகி முகக்கவசத்தை அழுத்திக்கொண்டு வராந்தாப் பக்கம் போனாள்.

மற்றவர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

எஃகு மேஜையின் மேல் மாதிரித் துண்டுகள் வைத்த தட்டு. அதில் இருந்தது இப்போது கறி இல்லை. அது லேசாக அசைந்துகொண்டிருந்தது. மேஜை விளிம்பிலிருந்து ஒரு பழுப்புச் சாறு சொட்டி, தரையில் கோடு போட்டு, சாக்கடை வாய்க்குப் போயிருந்தது. ஈக்கள் பறக்கக்கூட முடியாமல் கொழுத்துக் கிடந்தன.

"குளிர்பெட்டியை யாரு நிறுத்தினது?" என்று கேட்டாள் அத்தை.

சப்-இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "சீல் வைக்கும்போது எங்க கான்ஸ்டபிள்தாம்மா. ஆளில்லாத ரூமுக்கு எதுக்குக் கரண்ட்டுன்னு நல்ல எண்ணத்துல."

"கம்ப்யூட்டர் மட்டும் ஓடுதே?"

"அதைத் தொடாதேன்னு நான்தான் சொன்னேன். அன்னிக்கு இதே மெஷின்ல தேடிப் பார்த்தோம். அந்த லாட்டுக்கு ரிஜெக்ட் எதுவும் இல்ல. அப்புறம் அப்படியே விட்டுச் சீல் வச்சுட்டோம்."

மூலையில் பிளாஸ்டிக் உறை போட்ட கணினி. விசைப்பலகையில் கொழுப்பு படிந்து, எழுத்துகள் பாதி மறைந்திருந்தன. மாப்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு ஒரு விசையைத் தட்டினான். விரல் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பிரிந்தது.

"அத்தை, இது கீபோர்டு இல்ல. எண்ணெயில போட்டு எடுத்தது."

"பேசாம தேடுங்க."

விடுதிக்குப் போன லாட்டின் எண்ணை அடித்துத் தேடினான். திரை சொன்னது: *நிராகரிப்பு எதுவும் இல்லை.*

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர். குச்சி ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குப் போனது.

அத்தை யோசித்தாள். "மாப்பிள்ளை, தேடினது போதும். அந்தப் பொண்ணு அன்னிக்குச் செஞ்சதை நீங்க செஞ்சு பாருங்க. அதே லாட்டுக்குப் புதுசா ஒரு ரிஜெக்ட் அடிங்க."

"பொய் ரிஜெக்டா?"

"அடிங்க. சேவ் மட்டும் பண்ணாதீங்க."

மாப்பிள்ளை அடித்தான். லாட் எண்ணைப் போட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும்போதே கணினி 'டொய்ங்' என்றது. சிவப்பில் ஒரு பெட்டி: *இந்த லாட்டுக்கு நிராகரிப்பு ஏற்கெனவே உள்ளது.*

அத்தை திரையை நோக்கிக் குனிந்தாள்.

"மறுபடி தேடுங்க" என்றாள் அத்தை.

*நிராகரிப்பு எதுவும் இல்லை.*

"மறுபடி அடிங்க."

*ஏற்கெனவே உள்ளது.*

"அத்தை! கடன்காரன் வந்து கதவைத் தட்டினா, 'அப்பா வீட்ல இல்லைன்னு அப்பாவே சொல்லச் சொன்னாரு'ன்னு சொல்லுமே ஒரு குழந்தை, அதுதான் இது" என்றான் மாப்பிள்ளை.

"அப்போ அப்பா வீட்லதான் இருக்கார்" என்றாள் அத்தை. "மேனேஜர் சார், இந்தப் புரோகிராமை எழுதினவர் நம்பர் குடுங்க."

புரோகிராமர் போனை எடுத்தபோது பின்னணியில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"ஐயோ, மெஷினை ஆஃப் பண்ணிடாதீங்க!" என்றார் புரோகிராமர் எடுத்த எடுப்பில். "அந்தப் பக்கத்தை மூடவும் மூடாதீங்க. அந்த ரிஜெக்ட் இருக்கு. ஆனா இன்னும் மெமரிலதான் இருக்கு."

"தமிழ்ல சொல்லுங்க தம்பி" என்றாள் அத்தை.

"அம்மா, அடிக்கற ஒவ்வொரு ரிஜெக்டையும் புரோகிராம் ஒரு ஆப்ஜெக்டா, தனிச் சீட்டு மாதிரி, மெமரில உருவாக்கி வச்சுக்கும். சேவ் அழுத்தினாத்தான் அது டேட்டாபேஸுக்குப் போகும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஃபிரேம்வொர்க், தரகர் மாதிரி. நம்ம கேள்வியை வாங்கிட்டுப் போய் டேட்டாபேஸ்கிட்டக் கேட்டுப் பதில் கொண்டு வரும். தேடும்போது அது அங்க மட்டும்தான் கேக்கும். மெமரில சேவ் ஆகாம நிக்கறதைக் கண்டுக்காது."

"அப்புறம் 'ஏற்கெனவே உள்ளது'ன்னு எப்படிச் சொல்லுது?"

"ஒரே லாட்டை ரெண்டு தடவை அடிச்சிடக் கூடாதுன்னு நான் ஒரு சோதனை வச்சிருக்கேன். அதுல மட்டும் 'சேவ் ஆகாததையும் சேர்த்துப் பாரு'ன்னு எழுதியிருக்கேன்."

அத்தை தலையாட்டினாள். "வயித்துல இருக்கற புள்ளைக்குப் பிறப்புப் பதிவு இருக்காது. அதுக்காகப் புள்ளையே இல்லைன்னு சொல்லிட முடியுமா? நாம இவ்வளவு நேரம் பதிவு ஆபீஸ்ல தேடிட்டு இருந்தோம்."

"அதேதாம்மா!"

"அப்ப மேனேஜர் சொன்னது..." என்று இழுத்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நான் சொன்னது உண்மை சார்!" மேனேஜர் நெஞ்சில் தட்டிக்கொண்டார். தட்டிய கையைச் சட்டையிலேயே துடைத்தார்.

இப்படியொரு ஆள் உண்மை பேசியிருக்கிறான் என்பதே அத்தைக்கு அருவருப்பாக இருந்தது.

"ரிஜெக்ட் அடிச்சும் லாரி எப்படிப் போச்சு?" என்று போனை நோக்கிக் கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"கேட்ல இருக்கற மெஷினும் டேட்டாபேஸ்கிட்டத்தான் சார் கேக்கும். அங்க ரிஜெக்ட் இல்லைன்னா தடுப்புக் கட்டை தானா தூக்கிக்கும். அவங்க சேவ் பண்ண மறந்திருக்கணும்."

"மறந்தாங்களா இல்லையான்னு அந்த ஆப்ஜெக்டைப் பார்த்தாத் தெரியும். எப்படிப் பாக்கறது?" என்றாள் அத்தை.

"நான் சோதனை பண்ண ஒரு ஜன்னல் வச்சிருக்கேன். கன்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு..."

விளக்கு அணைந்தது. மின்விசிறி முனகி நின்றது. மேஜைக்குக் கீழே ஒரு பெட்டி 'கீச்... கீச்...' என்று கத்த ஆரம்பித்தது. கணினித் திரை மட்டும் நீலமாக எரிந்தது.

"யூ.பி.எஸ் கத்துதா?" புரோகிராமரின் குரல் உயர்ந்தது. "அந்த பேட்டரி கிழடு! ரொம்ப நேரம் தாங்காது. கரண்ட்டைப் போடச் சொல்லுங்க!"

சப்-இன்ஸ்பெக்டர் வாசலை நோக்கிக் கத்தினார். "யாருய்யா மெயினை ஆஃப் பண்ணது?"

அவர் பாய்ந்து வெளியே ஓடினார்.

"கன்ட்ரோலைப் பிடிச்சாச்சு, அப்புறம்?" மாப்பிள்ளையின் நெற்றியில் வியர்வை. ஒரு ஈ அதைக் குடிக்க உட்கார்ந்தது. இரண்டு கையும் மாட்டியிருந்ததால் அவன் அதை விரட்டவில்லை.

"எஃப் டுவெல்வ். கறுப்பா ஒரு ஜன்னல் வரும். ரிஜெக்ட் எல்லாத்தையும் கேளுங்க. கீழ ஒரு கட்டம் இருக்கும், 'சேமிக்காதவை உட்பட'ன்னு. அதை டிக் பண்ணிட்டு என்டர்."

மாப்பிள்ளை டிக் செய்தான். என்டரைத் தட்டினான். விசை ஒட்டிக்கொண்டது. மறுபடி தட்டினான்.

வரிகள் விழுந்தன. ஒன்று இல்லை. நாலைந்து.

எல்லாம் சேமிக்காத நிராகரிப்புகள். எல்லாம் பரிசோதகியின் பெயரில். கடைசிக்கு முந்தியது விடுதிக்குப் போன லாட். அடித்த நேரம், லாரி கிளம்பியதற்கு வெகு முன்னால்.

"அத்தை, ஜெயிச்சுட்டோம்! அந்தப் பொண்ணு சத்தியமா ரிஜெக்ட் அடிச்சிருக்கு!"

அத்தை போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். பிறகு 'காரணம்' என்ற கட்டத்தை விரலால் காட்டினாள். "இதை வாய்விட்டுப் படிங்க மாப்பிள்ளை."

"'பச்சை பாரிச்சிருக்கு. நெடி. போன் எடுக்கலை.'" மாப்பிள்ளை நிறுத்தினான். "போன் எடுக்கலையா? கறி எதுக்கு போன் எடுக்கணும்?"

"கறி இல்ல. இந்தக் கிடங்குக்குக் கறியைக் கொண்டாந்த சப்ளையர். மத்ததையும் படிங்க."

"'வழுவழுப்பு. நாளைக்குப் பார்க்கறேன்னார்.' 'நெடி. கவனிச்சாச்சு.' 'நெடி. வீட்டுக்கே வந்தார்.'" அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"மறந்து போகல தம்பி" என்றாள் அத்தை போனைப் பார்த்து. "மறக்காம, வேணும்னே சேவ் பண்ணாம வச்சிருக்கா. முதல்ல ரிஜெக்ட் அடிக்கறது. அப்புறம் சப்ளையரைக் கூப்பிட்டு, 'இன்னும் சேவ் பண்ணல, என்ன சொல்றீங்க?'ன்னு கேக்கறது. கவனிச்சா, ரிஜெக்டைச் சேவ் பண்ணாமலே விட்டுட்டு பாஸ். டேட்டாபேஸ்ல ஒரு சுவடு இருக்காது. எல்லாம் நீர்மேல் எழுத்துன்னு நினைச்சுத்தான் இவ்வளவு தைரியமா குறிப்பு எழுதியிருக்கா. அன்னிக்கு சப்ளையர் போன் எடுக்கல. இவ காத்திருந்தா. கேட் காத்திருக்கல."

"அப்போ நம்மகிட்ட வந்து அழுதது?"

"கறியைப் பாஸ் பண்ணினேன்ங்கற பழி தன் மேல விழாம இருக்க. நம்மளைச் சர்வர் பக்கம் தள்ளிவிட்டுட்டு இந்த மெஷினைக் கொன்னுடலாம்னு பார்த்தா. நாத்தம் தாங்காம குமட்டுதுன்னு போனாளே, அப்பவே எனக்கு உறுத்துச்சு. தினமும் கெட்ட கறியை மோந்து பாக்கறதே அவ வேலை. மேனேஜருக்கே குமட்டாத இடத்துல அவளுக்கு எப்படிக் குமட்டும்?"

மேனேஜர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது தெரிந்தது. பெருமையாகத் திரையை எட்டிப் பார்த்தார். பார்த்த முகம் வெளுத்தது. வாயிலிருந்து குச்சி விழுந்தது.

"கடைசி வரி... அந்த லாட்..."

"என்ன அந்த லாட்?"

"அது உறைநிலையில கிடந்த சரக்கு. பிரசவ ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு. இப்பத்தான் லோடு ஏத்தினாங்க. லாரி கேட்டுக்குப் போயிட்டிருக்கு."

"கேட்டுக்கு போன் போடுங்க!"

மேனேஜர் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அத்தையைப் பார்த்தார்.

"போன் எடுக்கலை."

யூ.பி.எஸ்ஸின் 'கீச்... கீச்...' இடைவெளி இல்லாமல் ஒரே கத்தலானது.

"தம்பி," என்றாள் அத்தை போனில், "இப்ப சேவ் அழுத்தினா எல்லாம் டேட்டாபேஸுக்குப் போயிடுமா?"

"அவங்க லாகின் இன்னும் திறந்துதானே இருக்கு? போயிடும்மா. சர்வருக்கு வேற லைன். சீக்கிரம்!"

"அத்தை, சாட்சியம்! போலீஸ்காரர் தொடாதேன்னாரே..."

"படம் எடுத்தாச்சு. சாட்சிக்கு நாம மூணு பேர் இருக்கோம். அங்க பிரசவமான பொண்ணுங்க இருக்காங்க மாப்பிள்ளை. அழுத்துங்க!"

மாப்பிள்ளை அழுத்தினான். திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றியது. *சேமிக்கப்பட்டது* என்ற சொல் தோன்றியதா இல்லையா என்று கண் தீர்மானிப்பதற்குள் பேட்டரி செத்தது. திரை கறுத்தது.

இருட்டில் மூவரும் நின்றார்கள். நாற்றம் மட்டும் நகர்ந்தது.

பிறகு தூரத்தில் ஒரு சைரன் அலறியது. தடுப்புக் கட்டையின் சைரன். அதைத் தொடர்ந்து லாரியின் ஹாரன், அதற்கும் மேலே டிரைவரின் குரல்: "யாருய்யா கட்டையை இறக்கினது? வண்டி மூஞ்சிலயே அடிக்குது!"

அத்தை சுவரில் சாய்ந்தாள். சுவர் பிசுபிசுத்தது. உடனே நிமிர்ந்துகொண்டாள்.

விளக்கு எரிந்தபோது வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் நின்றார். அவர் பக்கத்தில் பரிசோதகி. முகக்கவசம் கழுத்தில் தொங்கியது.

"மெயின் சுவிட்ச் பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. ஷாக் அடிக்குதான்னு பார்த்தாங்களாம்" என்றார் அவர்.

அத்தை தன் போனை அவரிடம் நீட்டினாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். பிறகு ஸ்டேஷனைக் கூப்பிட்டார்.

"அந்தச் சமையல்காரனை வெளிய விடுங்க... ஆமாய்யா, பேப்பரெல்லாம் நான் வந்து பார்த்துக்கறேன். கறி இங்கயே கெட்டுப் போச்சு. இவங்களுக்குத் தெரிஞ்சே போயிருக்கு... என்ன? அவனும் அன்னிக்கு அதைத்தான் சாப்பிட்டானா? அதை இத்தனை நாளா ஏன்யா எங்கிட்டச் சொல்லல?"

பரிசோதகி அழவில்லை. கண்ணில் கட்டியிருந்த நீர் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் ஒண்ணும் கொலைகாரி இல்ல மேடம்" என்றாள். "எல்லாரும் செய்யறதுதான். நான் கெட்டதைக் கெட்டதுன்னுதானே எழுதினேன்? அந்த சப்ளையர் மட்டும் அன்னிக்கு போன் எடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அத்தை அவளையே பார்த்தாள்.

"எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"பேசி முடிச்சிருப்பேன்."

"முடிச்சிட்டு?"

"ரிஜெக்டைச் சேவ் பண்ணாமலே விட்டிருப்பேன்."

"விட்டுட்டு?"

பரிசோதகி வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள். அந்த லாரி எந்த விடுதிக்குப் போயிருக்கும், அந்தத் தட்டுகளில் என்ன விழுந்திருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்ததோ என்னவோ, திறந்த வாய் அப்படியே நின்றது.

"பாஸ்னு அடிச்சிருப்பீங்க" என்றான் மாப்பிள்ளை. கையுறையைக் கழற்றிச் சாக்கடை வாயருகே போட்டான். "அதுக்கு மட்டும் மறக்காம சேவ் அழுத்தியிருப்பீங்க. இல்ல?"

அவள் தலை, பழக்கதோஷத்தில், ஆமென்று அசைந்தது.